கதைக்கும் போருக்கும் நடுவே ஒரு சுவர்

ஒசாகாவைச் சேர்ந்த வனில்லாவேர் நிறுவனம் உருவாக்கி, 2019 நவம்பரில் ஜப்பானில் வெளியான '13 சென்டினல்ஸ்: ஏஜிஸ் ரிம்' கேமை, வீடியோ கேம் வடிவத்தில் வந்த மிகச்சிறந்த அறிவியல் புனைகதைகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். அதற்குள் இருக்கும் வியூகப் போரும் நன்றாகச் செய்யப்பட்டதுதான். என் மனத்தாங்கல், இந்த இரண்டும் ஒன்றையொன்று ஏறெடுத்துப் பார்ப்பதே அரிது என்பதில்தான்.

களம் 1985-ஆம் ஆண்டின் ஒரு ஜப்பானிய நகரம். பதின்மூன்று பேர், பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். டெய்மோஸ் என்ற ராட்சத எந்திரங்கள் நகரத்தை அழிக்க வர, இவர்கள் சென்டினல் என்னும் மாபெரும் ரோபோக்களில் ஏறி எதிர்க்கிறார்கள். கேமை இயக்கிய ஜார்ஜ் கமிட்டானி அதை மூன்றாகப் பிரித்தார். பதின்மூன்று பேரின் கடந்த நாட்கள் ஒரு பகுதி. எல்லோரும் கூடி நிற்கும் இறுதிப் போர் இன்னொன்று. அவிழ்ந்த மர்மங்களையும் பார்த்த காட்சிகளையும் கால வரிசையில் அடுக்கித் தரும் ஆவணப் பகுதி மூன்றாவது. தொடக்க அத்தியாயங்களைத் தாண்டிவிட்டால் யார் கதையை முதலில் தொடர்வது, எப்போது போருக்குப் போவது என்பதெல்லாம் பெரும்பாலும் நம் விருப்பம்.

இந்தக் கதையில் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ நாற்பது ஆண்டு இடைவெளியில் பல காலங்கள் வருகின்றன. 1945-இல் இருந்து வந்தவர் உண்டு, எதிர்காலத்திலிருந்து வந்தவரும் உண்டு. இதை நேர்கோட்டில் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் மர்மம் தீர்ந்திருக்கும். அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) பல கோணங்களில் ஒரு சம்பவத்தைச் சொன்னபோது, சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரண்பட்டார்கள். இங்கே நாம் பார்க்கும் காட்சிகள் பெரும்பாலும் உண்மையாகவே நடந்தவை. அவற்றைத் தவறான வரிசையில் கோத்துக்கொண்டு ஏமாறுவது நாம்தான். பத்து மணி நேரம் ஒரு ஆளை ஒருவிதமாக நம்பிவிட்டு, வேறொருவரின் கதையில் ஒரே வசனம் கேட்டதும் முன்பு பார்த்த காட்சிகள் அத்தனையும் மனதில் இடம் மாறி உட்காரும். சினிமாவாலோ நாவலாலோ இதை இதே அளவில் செய்ய முடியாது. வரிசையைத் தேர்ந்தெடுத்தவர் நாம் என்பதால், ஏமாற்றத்திலும் நமக்குப் பங்கு இருக்கிறது.

நென்ஜி ஒகாட்டா என்ற முரட்டு மாணவனின் கதையைப் பாருங்கள். ரயிலில் கண் விழிக்கிறான், நிலையத்தில் இறங்குகிறான், பேரழிவைப் பார்க்கிறான், மறுபடி அதே ரயிலில் கண் விழிக்கிறான். ஒவ்வொரு சுற்றிலும் காதில் விழுந்த சொற்கள் அவன் மனதில் தங்கிவிடுகின்றன. நாம் அவற்றில் ஒன்றை எடுத்து அவனை அதைப்பற்றி யோசிக்க வைக்கலாம், எதிரில் நிற்பவரிடம் அதைக் கேட்கவும் வைக்கலாம். போன சுற்றில் கேட்ட சொல் இந்தச் சுற்றில் வழி திறக்கிறது. துப்பாக்கி இல்லை, புதிர்ப் பெட்டி இல்லை. மனதில் எதை வைத்துக்கொள்கிறோம் என்பதே இங்கு விளையாட்டு. பதின்மூன்று பேருக்கும் உள்ள வசதி இது. ஆனால் நென்ஜியிடம்தான் அது கதையின் உயிராகிறது.

தகாதோஷி ஹிஜியாமாவையும் சொல்ல வேண்டும். 1945-இன் போர்க்காலத்திலிருந்து 1985-க்கு வந்து சேர்ந்த இளைஞன். புது உலகில் அவனை வசப்படுத்துவது யாகிசோபா நூடுல்ஸை நடுவில் அடைத்த ஒரு ரொட்டி. சிரிப்புக்காக வைத்த காட்சிகள்தான். ஆனால் அவன் அதை மறுபடி மறுபடி வாங்கித் தின்னும்போது, பஞ்சத்தில் வளர்ந்த ஒருவனுக்கு வயிறு நிறைவதன் பொருள் என்ன என்பது ஒரு வசனமும் இல்லாமல் புரிகிறது.

கதைகளின் வரிசையை நாமே தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. ஆட்டக்காரர் இதுவரை எதைப் பார்த்திருக்கிறார் என்பது எழுதுபவருக்குத் தெரியாது. அதனால் ஒரே விளக்கம் நாலைந்து வாயிலிருந்து வருகிறது. பாதியைத் தாண்டியபின் பாத்திரங்கள் நின்ற இடத்தில் நின்றபடியே பாடம் நடத்துகிறார்கள். மெகுமி யாகுஷிஜியும் அவளோடு பேசும் பூனையும் எங்கே போகிறார்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, இன்னொருவர் கதையை முடித்துவிட்டு வா என்று கதவு மூடும். சில இடங்களில் அது ஆவலைக் கூட்டும். பல இடங்களில் எரிச்சல்தான் மிச்சம். பெண் பாத்திரங்களில் பெரும்பாலோரைச் செலுத்துவது ஒரு பையன் மீதான காதல் மட்டுமே என்பதும் உறுத்துகிறது. தோழியைத் தேடிப் புறப்படும் யூகி தகாமியா அதனாலேயே தனித்து நிற்கிறாள்.

இனி போர். நகரம் கோடுகளாகவும் கட்டங்களாகவும் சுருங்கிய வரைபடமாகிறது. எதிரிகள் அடையாளக் குறிகள். கட்டளை தேர்ந்தெடுக்கும்போது காலம் உறைகிறது. கொடுத்ததும் ஏவுகணைகள் கிளம்பி நூற்றுக்கணக்கான புள்ளிகள் ஒளிர்ந்து மறைகின்றன. கையால் தீட்டிய மாலை வெயிலையும் வகுப்பறையையும் பார்த்த கண்ணுக்கு இது வறட்சி என்று பலர் குறைப்பட்டார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. அத்தனை பெரிய படையெடுப்பின் அளவை உணர்த்த வரைபடம்தான் ஏற்ற வடிவம். நெருக்கத்தில் அடிப்பது, தூரத்திலிருந்து சுடுவது, பறப்பது என்று சென்டினல்களின் நான்கு தலைமுறைகளுக்கும் வேலை தெளிவாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நான் குறை காண்பது வேறிடத்தில். கதையில் நாம் நடந்த தெரு, பள்ளி, கடை எதையும் அந்த வரைபடத்தில் அடையாளம் காண முடிவதில்லை. யார் வீட்டைக் காக்கிறோம் என்று தெரியாமலே காக்கிறோம்.

சுவர் எழும்புவது இங்கேதான். போரில் ஒருவரை இழந்துவிட்டுக் கதையைத் தொடர வழியில்லை. தோற்றால் மீண்டும் ஆடவேண்டும், அவ்வளவே. 1990-இல் தொடங்கிய 'ஃபயர் எம்ப்ளம்' வரிசையின் மரபான விதிப்படி களத்தில் விழுந்தவர் திரும்ப வரமாட்டார். அந்த ஒரு விதியே ஒவ்வொரு நகர்வையும் கனக்க வைத்தது. இங்கே முன்கூட்டியே எழுதப்பட்ட கதைக்கு எல்லோரும் தேவை. அதனால் போரின் பங்கு சில கதவுகளைத் திறப்பதும், ஆவணங்களை வாங்கப் புள்ளிகள் தருவதும்தான். சாதாரண நிலையில் ஆடினால் ஏவுகணைகளை மட்டும் மேம்படுத்திக்கொண்டு வியூகமே இல்லாமல் வென்றுவிடலாம். ஆகவே முதல் முறையே கடின நிலையில் ஆடுங்கள்.

சுவரில் ஒரு சன்னல் இருக்கிறது. சென்டினலைச் செலுத்தித் தொடர்ந்து களமிறங்குபவரின் மூளை சூடேறிவிடும். அவரை உட்கார வைத்தே ஆகவேண்டும். பிடித்த சிலரையே வைத்து ஒப்பேற்ற முடியாது. கதையில் நாம் ஒதுக்கி வைத்த ஆளையும் களத்தில் நம்பியாக வேண்டும். அவரை அனுப்பி, அவர் பேசும் இரண்டு வரியைக் கேட்டபின் அவர் கதையைத் திறக்கத் தோன்றுகிறது. மூளைச் சோர்வை விதியாக்கியதுபோல, இருவருக்கிடையே உள்ள காதலையும் பகையையும் சந்தேகத்தையும் விதியாக்கியிருக்கலாம். நண்பனைக் கொன்றவன் என்று நம்பும் ஒருவனுக்குப் பக்கத்தில் நின்று போரிடுவதும் மற்றவர்களோடு நின்று போரிடுவதும் ஒன்றாகவா இருக்கும்?

இதே நிறுவனம் உருவாக்கி, 2024-இல் வெளியான 'யூனிகார்ன் ஓவர்லார்ட்' கேமில் படைப்பிரிவு அமைப்பதும் வியூகமும் நடுவிடத்துக்கு வந்தன. தோழமை வளர்ந்தால் வீரர்களின் வலிமையும் கூடியது. ஆனால் அதன் கதை, நாட்டை இழந்த இளவரசன் அதை மீட்கும் பழகிய பாதையை விட்டு அதிகம் விலகவில்லை. ஒசாகாவின் அதே கலைஞர்களிடம் இரண்டு பாதிகளும் தனித்தனியே இருக்கின்றன. அவற்றைச் சேர்த்த மூன்றாவது கேமுக்காக நான் காத்திருக்கிறேன்.