காளிபங்கன்: நிழலில்லாத படம்

காளிபங்கனில் எடுத்துவந்த அறுபது படங்களையும் மேஜையில் பரப்பிப் பார்த்தேன். நன்றாக இருப்பதாக வங்கியில் கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். அதுதான் அவற்றின் குற்றம்.

ராஜஸ்தானில், வறண்டுபோன காக்கர் ஆற்றங்கரையில், பாலையை ஒட்டிய ஹரப்பா நாகரிக ஊர் இது. பி.பி. லாலும் பி.கே. தாபரும் 1960லிருந்து 1969 வரை தோண்டினார்கள். சுட்ட செங்கல் இங்கே பெரும்பாலும் கிணறு, சாக்கடை போன்றவற்றுக்குத்தான். வீடும் மதிலும் வெயிலில் உலர்த்திய பச்சைக்கல். பிற்கால அடுக்கில் அதன் அளவு 30க்கு 15க்கு 7.5 சென்டிமீட்டர். தோண்டி வெளியே கொண்டுவந்த அன்றே இது கரைய ஆரம்பிக்கிறது. பார்ப்பதற்காகத் திறப்பதும் அழிப்பதும் இங்கே ஒரே காரியம்.

நான் சாயங்கால வெயிலுக்காகக் காத்திருந்தேன். நிழல் நீண்டதும் அரிப்பெல்லாம் சிற்பமாகிவிட்டது. சுவரைத் தின்ற மழை என் படங்களில் எங்கும் இல்லை, 'காலம்' இருக்கிறது. நம் கவிதைகளிலும் இதே மோசடிதான். சிதிலம் என்று எழுதிவிட்டால் ஆழம் வந்துவிட்டதாக ஒரு நினைப்பு. முள்ளுக்குறிச்சியில் என் தெருக்கோடிக் கிழவி மழை ஓய்ந்ததும் செம்மண் குழைத்துச் சுவரின் அடியைப் பூசுகிறாள். காளிபங்கனில் பூச ஆளில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அகழ்வாராய்ச்சிக்காரர்கள் எடுத்த படங்கள் வேறு ஜாதி. பெருக்கிச் சுத்தமாக்கிய குழி, ரஸனைக்கு இடைஞ்சலாக ஒரு அளவுகோல். எடுத்தவனின் 'நான்' அதில் கிடையாது. மதிலுக்கு வெளியே தென்கிழக்கில் கிடைத்த, ஹரப்பாவுக்கு முந்திய உழுத வயலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு திசைச் சால்கள் சுமார் 30 சென்டிமீட்டர் இடைவெளியில், குறுக்குச் சால்கள் 1.90 மீட்டர் இடைவெளியில். பக்கத்து நிலங்களில் கொள்ளும் கடுகும் இதே முறையில் விதைப்பதை லால் எடுத்துக்காட்டினார். வயலைக் காப்பாற்ற மறுபடி மண்போட்டு மூடிவிட்டார்கள். எனவே, அந்தச் சால்களைப் பார்க்க நமக்கு மிஞ்சியது படம்தான். அதில் ஒருவன் அழகு பண்ணியிருந்தால்?

ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டேன். உச்சி வெயில், நிழலே இல்லை, தட்டையான படம். சுவரோரம் என் பேனா நழுவி விழுந்து கிடக்கிறது. பேனாவை அளந்து, அதைக்கொண்டு கல்லின் கனத்தைக் கணக்கிட்டேன். ஏழுக்கும் குறைவு.