ஸோஹரின் ஆசிரியர்: கைம்பெண் ஒருவரின் சொல்லும் அதன் சான்றுமதிப்பும்

யூத மறைஞான மரபாகிய கபாலாவின் தலைமை நூலாகக் கொள்ளப்பெறுவது ஸோஹர். பெரும்பான்மையும் அரமேய மொழியில் அமைந்த இந்நூல், தோராவுக்கு உரை கூறும் போக்கில் இறைமையின் உள்நிலைகளைப் பேசுகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரபி ஷிமோன் பர் யோகாயும் அவர்தம் தோழர்களும் கலிலேயாவின் வழிகளில் நடந்தவாறே உரையாடியவை இவை என நூலே கூறுகிறது. ஆயின் இதன் ஏடுகள் வெளிப்பட்டது 1280களையொட்டி, ஸ்பெயினின் காஸ்டீல் பகுதியில். அவற்றைப் பரப்பியவர் மோசே தெ லெயோன். பழம்பெரும் ஏடொன்றைப் பார்த்துப் படியெடுப்பதாக அவர் சொல்லிவந்தார். இடைப்பட்ட ஆயிரத்து நூறு ஆண்டுக்காலத்தில் நூல் எங்கிருந்தது என்னும் வினாவே ஆசிரியர் சிக்கலின் தொடக்கம்.

இச்சிக்கலில் தவறாது எடுத்துக்காட்டப்பெறுவது அக்கோ நகரத்து ஐசக் என்பாரின் குறிப்பாகும். 1291இல் அக்கோ வீழ்ந்தபின் ஊர்விட்டு நீங்கிய இவர், 1305இல் ஸ்பெயினுக்கு வந்து வல்லாடோலித் நகரில் மோசேயைக் கண்டார். மூல ஏடு ஆவிலாவிலுள்ள தம் இல்லத்தில் இருப்பதாகவும், வந்தால் காட்டுவதாகவும் மோசே ஆணையிட்டுக் கூறினார். ஊர் திரும்பும் வழியில் அரேவலோவில் இறந்தார். ஐசக் ஆவிலாவுக்குச் சென்றபோது கேட்ட செய்தி வேறு. யோசேப்பு என்னும் செல்வரின் மனைவி, மோசேயின் வறுமையுற்ற கைம்பெண்ணிடம், மூல ஏட்டைத் தந்தால் அவர் மகளைத் தம் மகனுக்கு மணமுடிப்பதாகக் கூறினாராம். அத்தகைய ஏடு என்றுமே இருந்ததில்லை, கணவர் தம் அறிவிலிருந்தே எழுதினார் என அப்பெண்மணி மறுமொழி தந்தாராம். தம் பெயரால் எழுதினால் எவரும் பொருட்படுத்தார், பொருளும் தாரார் என்று கணவர் காரணம் கூறியதாகவும் சொன்னாராம். தனியே வினவப்பட்ட மகளும் அவ்வாறே கூறினார் என்பது செய்தி.

இச்சான்று நேரில் கேட்டது போலவே ஆராய்ச்சி நூல்களில் ஆளப்பட்டு வருகிறது. அது பொருந்தாது. கைம்பெண்ணின் சொல் யோசேப்பின் இல்லத்தினருக்கும், அவர்கள்வழி பங்கோர்போ ஊர்த் தாவீது என்பவருக்கும், அவர்வழி ஐசக்கிற்கும் வந்தது. ஐசக்கின் குறிப்பும் தனியே கிடைத்திலது. ஆபிரகாம் ஸக்கூட்டோ பதினாறாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தூனிஸில் தொகுத்த யூகசீன் என்னும் வரலாற்று நூலில் மேற்கோளாகவே எஞ்சியது. அந்நூலின் 1580ஆம் ஆண்டுக் கிராகோவ் பதிப்பில் இப்பகுதி விடப்பட்டது. 1857இல் வெளிவந்த இலண்டன் பதிப்பிலேயே மீண்டும் அச்சேறியது. ஸோஹரோ 1558 முதல் மந்துவாவிலும், அடுத்து கிரெமோனாவிலும் அச்சாகித் திருநூலின் நிலையை எய்திவிட்டது. ஐயத்தை எழுப்பும் பகுதி அப்பதிப்பில் விடுபட்டதைத் தற்செயல் எனக் கொள்வது அரிது.

ஆயினும் மோசேயின் கூற்றை ஐயுற இவ்வாய்மொழிச் சான்று இன்றியமையாததன்று. நூலின் மொழியே போதும். யாக்கோபு எம்டென் 1768இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வழியைத் திறந்தார். யூதர் வழிபாட்டு இல்லத்தைக் குறிக்கும் ஐபீரியச் சொல்லான ‘எஸ்னோகா’, ஸோஹரில் ‘எஷ் நோகா’, அதாவது ஒளிரும் நெருப்பு எனப் பிரித்துப் பொருள் கொள்ளப்படுகிறது. இரண்டாம் நூற்றாண்டுப் பாலஸ்தீனத்தவர் அறிந்திருக்க இயலாத சொல் அது. எம்டென் ஸோஹரை வெறுத்தவர் அல்லர்; அதன் உட்பகுதியைத் தொன்மையானதாகப் போற்றியவர். ஆதலின் அவர்தம் ஐயம் கூடுதல் மதிப்புடையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஹைன்ரிக் கிரெட்ஸ், கைம்பெண்ணின் சொல்லில் பொருளாசையை மட்டும் பற்றிக்கொண்டு மோசேயைப் பொய்ந்நூல் புனைந்தவர் என்றார். கெர்ஷோம் ஷோலெம் 1925இல் இம்முடிபை மறுக்க முற்பட்டவர். பின்னர் மொழிநடையை நுணுகி ஆராய்ந்து, முதன்மைப் பகுதிகள் மோசேயால் எழுதப்பட்டவை என 1941இல் வெளிவந்த நூலில் நிறுவினார். முன்னோர் பெயரில் எழுதுதல் சமய இலக்கியத்தில் ஏற்கப்பட்ட வடிவமே என்பது அவர் துணிபு. தம் கருத்தைத் தாமே மாற்றிய நேர்மை பாராட்டற்குரியது.

கிரெட்ஸ் கண்டுகொள்ளாதது, அச்சொல்லின் முற்பகுதியாகிய ‘பொருட்படுத்தார்’ என்பதே. இதற்கு நூல்வரலாறே சான்று. மோசே தம் பெயராலும் ஹீப்ருவில் நூல்கள் இயற்றினார். ஸோஹரின் கருத்துகள் பல அவற்றிலும் உள. அவற்றுள் ஒன்று 1608இல் பாசலில் அச்சேறியது. 1292இல் எழுதிய ‘ஷெக்கெல் ஹ-கோதெஷ்’ 1911 வரை காத்திருந்தது. 1287இல் எழுதிய ‘செஃபெர் ஹ-ரிம்மோன்’ முழுப்பதிப்புக் கண்டது 1988இல்தான். ஷிமோன் பெயர் தாங்கிய நூலோ, கோர்தோவெரோ, லூரியா முதலிய ஸஃபேத் நகரத்து அறிஞர்களின் சிந்தனைக்கே அடித்தளமாயிற்று.

ஷோலெமின் முடிபிலும் ஒரு குறை உண்டு. ஸோஹரில் ஒரே வசனத்திற்கு முரண்பட்ட விளக்கங்கள் அருகருகே நிற்கின்றன. தனியொருவர் படைப்பெனின் இம்முரண்களுக்குத் தனியே அமைதி கூற வேண்டியிருக்கும். காஸ்டீல் அறிஞர் குழுவொன்றின் கூட்டாக்கமே ஸோஹர், மோசே அதில் முதன்மையானவர் என 1980களின் இறுதியில் யெஹூதா லீபெஸ் முன்வைத்த கொள்கை இதனை எளிதில் விளக்குகிறது. வழிநடையில் கூடிப் பேசும் தோழர் என்னும் நூற்சட்டகம், ஆக்கியோர் தம் கூட்டத்தின் சாயலே ஆகலாம். மொழிநடை பெரிதும் ஒத்திருப்பதே இக்கொள்கைக்கு எஞ்சும் தடை.

ஐசக்கின் குறிப்பு கைம்பெண்ணின் சொல்லோடு முடியவில்லை. மூல ஏடு உண்டு என்போரின் கூற்றுகளையும் அவர் பதிந்துள்ளார். இறுதியில், மோசேயின் மாணவர் ஒருவர் வானையும் மண்ணையும் சாட்சியாக வைத்து ஸோஹரைப் பற்றிக் கூறத் தொடங்குகிறார். ஸக்கூட்டோ தரும் பாடம் அத்தொடரின் நடுவிலேயே அறுபடுகிறது.