சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவர்கள்

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைப் பட்டியலை நான் ஓர் இலக்கியப் பிரதியாகத்தான் வாசிக்கிறேன். மொத்தம் பன்னிரண்டு கோரிக்கைகள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு முடிவு, முறையான மருத்துவ வசதி, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது, சங்கம் அமைக்கும் உரிமை. இவையெல்லாம் எந்தப் போராட்டத்திலும் எதிர்பார்க்கக்கூடியவைதான். ஆனால் இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டியதில்லை.

பட்டினியும் நோயும் இருக்கிற இடத்தில் சைக்கிள் ஒரு பிரச்சினையா என்று கேட்கலாம். பிரச்சினைதான். தன் காசில் வாங்கிய சைக்கிள், வேலை முடிந்த நேரம். அப்போதும் ஒருவனைப் பார்த்ததும் இறங்கி நிற்க வேண்டும் என்றால், அங்கே வாங்கப்பட்டது உழைப்பு மட்டுமல்ல, ஆளே வாங்கப்பட்டிருக்கிறான். பக்கம் பக்கமாக எழுதிச் சொல்ல வேண்டியதை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. போராட்டத்தை முன்னெடுத்த கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தில் முக்கியமானவர் ஆர்.எச். நாதன், ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் துணையாசிரியர். எழுதியது யார் கையாக இருந்தாலும், தினமும் பெரட்டில் நின்றவர்கள் சொல்லாமல் அந்த வரி தாளில் ஏறியிருக்காது என்பது என் எண்ணம்.

இப்போது நம் தோட்டக் கதைகளுக்கு வருவோம். பால்மரம், லயம், கங்காணி, கள், கோயில் திருவிழா, அத்துமீறும் கிராணி, அழும் தாய். இவை பொய் என்று நான் சொல்லவில்லை. என் கேள்வி வேறு. இந்தக் கதைகளில் தொழிலாளி படும் துன்பம் நுணுக்கமாக வருகிறது, அவன் கேட்பது மட்டும் மங்கலாகவே வருகிறது. சங்கத் தலைவர் வந்தால் ஒன்று மேடையில் முழங்குவார், இல்லையென்றால் நிர்வாகத்துக்கு விலைபோவார். நடுவில் இருக்கிற சலிப்பான வேலையை எந்தக் கதாசிரியரும் விரும்பி எழுதுவதில்லை. லயம் லயமாகப் போய்ப் பேசுவது, பயந்தவரைச் சமாதானப்படுத்துவது, எதை முதலில் கேட்பது என்று சண்டை போடுவது. உண்மையில் போராட்டம் என்பது பெரும்பாலும் அதுதானே?

சயாம் மரண ரயிலை ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவலாக்கினார்கள். அவசியமான நாவல்கள் அவை. அந்த ரயில் பாதைக்கு ஆட்களைக் கொண்டுபோவதற்குச் சில காலம் முன்புதான் கிள்ளானில் நம்மவர்கள் பட்டியலோடு நிமிர்ந்து நின்றார்கள். மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டதும், கூலியைத் தாண்டி அவர் விடுதலைக்காகவும் வேலையை நிறுத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ராணுவம் வந்தது, சுட்டது, தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மரண ரயில் நம் பொது நினைவில் இருக்கும் அளவுக்கு இந்தப் பட்டியல் இல்லை. பாதிக்கப்பட்டவர்களாக நம்மை நினைத்துக்கொள்வது நமக்குப் பழகிவிட்டது.

எஸ்.ஏ. கணபதியை நாம் நினைவுகூரும் விதமும் இப்படித்தான். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர், 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கவிதை என்றாலும் கட்டுரை என்றாலும் அந்தத் தூக்குக்கயிற்றில்தான் போய் முடியும். ஆனால் சம்மேளனத்தின் கழுத்தை நெரித்தது அதற்கு முந்தைய ஆண்டு வந்த சட்டத் திருத்தம். 1948 ஜூனில் வந்த அந்தத் திருத்தத்தின்படி, சங்கப் பொறுப்புக்கு வர அந்தத் தொழிலில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும். வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒரே சம்மேளனமாகச் சேரக்கூடாது. சம்மேளனத்தின் பதிவும் போனது. பொறியியல் படித்தவனுக்கு இது சட்டென்று புரிகிறது. இயந்திரத்தை உடைக்கத் தேவையில்லை, ஒரு திருகாணியைக் கழற்றினால் போதும். தூக்குமேடையைப் போல இந்த விதியில் கண்ணீருக்கு இடமில்லை. அதனால்தான் நம் எழுத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

“அப்படியானால் இலக்கியம் துண்டறிக்கை ஆகவேண்டுமா?” என்று நண்பர்கள் கேட்பார்கள். கடைசிப் பக்கத்தில் செங்கொடி பறக்கும் கதைகள் எனக்கும் அலுப்புதான். ஆனால் கோஷம் வேறு, கோரிக்கை வேறு. ‘உழைப்பவனுக்கு விடியல் வேண்டும்’ என்பது கோஷம், அதை யாரும் எங்கும் சொல்லலாம். ‘சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்’ என்பதை அந்தத் தோட்டத்துச் சாலையில் இறங்கி நின்றவன்தான் சொல்ல முடியும். நல்ல கதை செய்கிற வேலையும் இதுதான்: பொதுவான துயரத்திலிருந்து குறிப்பான அவமானத்தைப் பிரித்தெடுப்பது.

இது பழைய கதை இல்லை. 2013 ஜனவரியில்தான் இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது, தீபகற்பத்தில் 900 வெள்ளி, சபா சரவாக்கில் 800. 2025 பிப்ரவரியிலிருந்து அது 1700. நல்லது. ஆனால் தொகை என்பது பட்டியலின் முதல் வரி மட்டும்தான். இன்று தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். நம் சமகாலக் கதைகளில் அவர்கள் பெரும்பாலும் பேருந்து நிலையத்துக் கூட்டமாக மட்டும் வந்துபோகிறார்கள். பெயர் இருந்தால் பெரிய விஷயம்.

நம்மில் பலர் தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகள். பட்டம் வாங்கி, கழுத்தில் அட்டை மாட்டி, அன்று கிராணி நின்ற இடத்தில் இன்று நிற்கிறோம். லைனில் வேலை செய்கிறவர் என்னை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுகிறார், அவர் வயது என் அப்பாவின் வயது. கிள்ளான் பட்டியலை இப்போது வாசிக்கும்போது அதை எழுதியவர்களின் வாரிசாக மட்டும் நான் வாசிக்க முடியாது, அது யாரை நோக்கி எழுதப்பட்டதோ அந்த ஆளாகவும் வாசிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த தலைமுறையின் தோட்ட நாவல், தொழிற்சாலை நாவல் இந்த இடத்திலிருந்து எழுதப்பட வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. நம்மைக் கண்டதும் அவர்கள் எந்தச் சைக்கிளிலிருந்து இறங்குகிறார்கள் என்பதைக் கவனித்தவர் எழுதட்டும்.