88 கட்டை, 180 வெள்ளி

நடு ‘சி’ கட்டை மட்டும் கத்தியது. பூப்போலத் தொட்டாலும் அதட்டல்தான். மற்ற 87 கட்டைகளும் சொன்னபடி கேட்டன. 2007ஆம் ஆண்டு மாடல் டிஜிட்டல் பியானோவைக் கரோசலில் 180 வெள்ளிக்கு வாங்கி, பிடோக்கில் எங்கள் வீவக வீட்டுக்குக் கொண்டுவந்த இரண்டாவது வாரம் அது. (எந்த நிறுவனத்துடையது என்று கேட்காதீர்கள். வயதான எந்தப் பியானோவுக்கும் வரக்கூடிய நோய் இது.)

நாம் எவ்வளவு பலமாக அடிக்கிறோம் என்பது டிஜிட்டல் பியானோவுக்குத் தெரியாது. அது அளப்பது நேரத்தை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ரப்பர் குமிழ், அதற்குள் இரண்டு கரித் தொடுமுனைகள். ஒன்று முந்தித் தொடும், மற்றது ஒரு கணம் பிந்தி. அந்த இடைவெளியை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக மாற்றி ஒலியின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். முதல் முனையில் தூசி படிந்தால் அது தாமதமாகத் தொடும், இடைவெளி சுருங்கும். நாம் ஓங்கி அடித்துவிட்டோம் என்று கருவி நினைத்துக்கொள்ளும். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில் தூசி சும்மா கிடக்காது, ஒட்டிக்கொள்ளும்.

சிம் லிம் டவரில் ஒரு போத்தல் ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கினேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் போயிற்று. கழற்றிய திருகாணிகளை வரிசை மாறாமல் ஐஸ் தட்டின் குழிகளில் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். ரப்பர் பட்டையை மெல்ல உரித்து, காது குடையும் பஞ்சில் ஆல்கஹாலைத் தொட்டு, கரிப்புள்ளிகளைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, நன்றாகக் காய்ந்தபின் திரும்பப் பொருத்த வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று துரு நீக்கும் எண்ணெயை மட்டும் பீய்ச்சிவிடாதீர்கள். நடு ‘சி’ இப்போது முணுமுணுக்கவும் செய்கிறது. செலவு இருபது வெள்ளிகூட ஆகவில்லை.

மேல் கோடியில் மூன்று கட்டைகள் ‘டக் டக்’ என்கின்றன. அடியிலுள்ள கம்பளித் துணி நசுங்கிப்போய்விட்டது. அதை அப்படியே விட்டுவிட்டேன். அவ்வளவு உயரத்தில் எனக்கு வேலையில்லை.

ஒலி எப்படி? இயர்ஃபோனில் அருமை, சொந்த ஒலிபெருக்கியில் தகர டப்பா. ஒரே நேரத்தில் 64 குரல்கள் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஸ்டீரியோவில் ஒரு சுரத்துக்கு இரண்டு போய்விடுவதால் கைக்குக் கிடைப்பது 32தான். பெடலை மிதித்தபடி அடுக்கிக்கொண்டே போனால் முதலில் அடித்த சுரங்கள் நழுவி மறைகின்றன. இயர்ஃபோன் மாட்டினால் நள்ளிரவிலும் வாசிக்கலாம் என்பது பாதி உண்மை. “ராத்திரியில் சம்பல் இடிக்கிறீர்களா?” என்று கீழ்வீட்டு மக்சிக் மின்தூக்கியில் கேட்டார். கட்டைகள் இறங்கும் அதிர்வு ஸ்டாண்டு வழியாக அவர் கூரைக்குப் போயிருக்கிறது. தடித்த ரப்பர் விரிப்பு போட்டபின் அவர் கேட்கவில்லை.

பக்கத்துப் புளோக்கில் மரப் பியானோ வைத்திருப்பவர் சுருதி சேர்க்க ஆண்டுக்கு இருமுறை ஆளை அழைக்கிறார். ஈரம் அண்டாதிருக்க உள்ளே ஒரு மின்தண்டு எந்நேரமும் சூடாக இருக்கிறது. என்னுடையதில் சுருதி கலையாது, நாம் கேட்டபடி மாறவும் செய்யும். மகளுக்குச் சுருதி 5½ கட்டை, அதாவது ஜி ஷார்ப். டிரான்ஸ்போஸை −4க்கு வைத்தால் நான் எனக்குப் பழகிய ‘சி’யிலேயே வாசிக்கலாம். கமகம் கேட்டால் மட்டும் பியானோ கையை விரித்துவிடும்.

புளூடூத் இல்லை, யுஎஸ்பி இல்லை. பின்னால் இருப்பது 1983இல் வந்த ஐந்து முள் மிடி துளை. மலிவான ஒரு மாற்றுக் கம்பியில் இன்றைய கணினியோடு அது மறுபேச்சின்றிப் பேசுகிறது. செயலியை நம்பி விற்கப்படும் புதுக் கருவிகள் பதினெட்டு வயதில் இப்படிப் பேசுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பழையதை வாங்கப் போகிறவர்கள் அடாப்டரை முதலில் பாருங்கள். வோல்ட் சரியாக இருந்தால் போதாது. சில நிறுவனங்களில் நடுமுள் நேர்மின், சிலவற்றில் எதிர்மின். துளையில் பொருந்துகிறதே என்று செருகக் கூடாது. சுவிட்சைப் போடும்போது பெடலில் கால் வைக்காதீர்கள். பல கருவிகள் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, காலை எடுத்தால் இழுக்கும், மிதித்தால் நிறுத்தும். பிறகு சொந்த இயர்ஃபோனை மாட்டி, இடக்கோடியிலிருந்து ஒவ்வொரு கட்டையையும் முடிந்தவரை மெதுவாக அழுத்துங்கள். நாற்பதாவது கட்டை வரும்போது விற்பவர் மணி பார்க்கத் தொடங்குவார். 88ஐயும் முடித்துவிட்டே பணப்பையைத் திறங்கள்.