ஒரு பிடிக் கீரை எத்தனை பேருக்கு வரும்?

சிறுபாணாற்றுப்படையைப் பதினாறு ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நல்லூர் நத்தத்தனாரின் பாட்டு அது. பரிசில் பெறுவதற்கு முன் பாணனின் வீடு எப்படிக் கிடந்தது என்று அதில் ஒரு பகுதி வரும். கூரைக் கழிகள் விழுந்து, கறையான் அரித்த மண்ணில் காளான் பூத்த அடுக்களை. அங்கே குட்டி ஈன்ற நாய் கிடக்கிறது. கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத முலையைக் கவ்வும்போது வலி தாங்காமல் குரைக்கிறது. பசியால் ஒட்டிப்போன கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியின்றி வேக வைக்கிறாள். பிறர் பார்த்துவிடுவார்களே என்று வெட்கி, கதவை அடைத்துவிட்டுப் பெரிய சுற்றத்தோடு அந்தக் கீரை உண்ணப்படுகிறது.

இந்த இடத்தை நான் அழகாக நடத்துவேன் என்று எனக்குப் பெயர் உண்டு. நாயின் வற்றிய முலையைச் சொல்லிப் பெண்ணின் வற்றிய உடலைச் சொல்லாமல் சொல்லும் உத்தி, உப்பில்லாமை என்ற ஒரே விவரத்தில் மொத்த வறுமையையும் அடக்கும் சொற்செட்டு, அடைத்த கதவுக்குள் தெரியும் மானம். குறிப்பு எதுவும் இல்லாமலே இவ்வளவும் சொல்லுவேன்.

சென்ற ஆண்டு இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள். அவளுடைய அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். “கீரை வெந்தா சுண்டிருமேம்மா. நகத்தால கிள்ளுன கீரை அத்தன பேருக்கு எப்படி வரும்? ஆக்குன அந்தப் பொம்பளைக்கு என்ன மிஞ்சியிருக்கும்?”

“பாட்டில் அது இல்லம்மா” என்றேன். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. கூடை நிறைய ஆய்ந்த கீரை சட்டியில் கையளவாகச் சுண்டிவிடுவதை நானும் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அறிவை இலக்கிய வகுப்புக்குள் கொண்டுவரலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சமையலறையில் கற்றதை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் முனைவர் பட்டம் வரை வந்திருக்கிறேன்.

அவள் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற பாட்டுகளுக்குப் போனேன். புறநானூற்று 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தன் வீட்டைச் சொல்கிறார். சமைப்பதையே மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. குழந்தை வற்றிய முலையைச் சுவைத்து அழுகிறது. தாய் நீர் நிறைந்த கண்களோடு குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள். கணவர் அவள் துயரத்தைப் பார்த்துக் குமணனை நினைத்துப் புறப்படுகிறார். பார்வை கைமாறிக் கைமாறி வள்ளலிடம் போய் முடிகிறது. பேசுபவர் புலவர் ஒருவர்தான். அடுப்பும் முலையும் கண்ணீரும் அவர் அவைக்குக் கொண்டுபோகும் சான்றுகள். அவள் உடல் அங்கே விண்ணப்பமாகிறது. அவளுக்குப் பசித்ததா என்று யாரும் கேட்பதில்லை. குழந்தைக்குப் பாலில்லை என்பதிலிருந்து நாமாகத்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முந்திய 163ஆம் பாட்டு வேறு விதம். குமணன் கொடுத்த செல்வத்தோடு வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார் மனைவியிடம், இன்னாருக்கு என்று பாராமல், என்னைக் கேட்கவும் செய்யாமல், எல்லோருக்கும் கொடு என்கிறார். கொடைக்குப் புகழ்பெற்ற பாட்டு. அந்தப் பட்டியலில், சுற்றத்தின் பசி தீர அவளுக்குக் குறியெதிர்ப்பை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். குறியெதிர்ப்பை என்றால் அளந்து வாங்கி அதே அளவு திருப்பிக் கொடுக்கும் கைமாற்று. புலவர் வள்ளலைத் தேடி அலைந்த நாட்களில் வீட்டில் உலை கொதித்தது அந்தக் கைமாற்றில்தான். யாரிடம் எத்தனை நாழி வாங்கினோம், எப்போது திருப்புவோம், இன்னொரு முறை அதே வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது? இந்தக் கணக்கெல்லாம் அவள் மனதில் இருந்திருக்கும். வள்ளலுக்குப் பாட்டுகள் கிடைத்தன. கைமாற்று கொடுத்த அண்டை வீடுகளுக்குக் கிடைத்தது ஓர் அடி. அந்த ஓர் அடிக்காகவே பெருஞ்சித்திரனார் மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

நவீன இலக்கியத்துக்கு வந்தாலும் கேள்வி விடுவதில்லை. புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ 1934இல் வந்த கதை. அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி வேண்டும், கையில் காசில்லை. அம்மாளு இருட்டுச் சந்துக்குள் போய் முக்கால் ரூபாயோடு திரும்புகிறாள். கற்பு பேசுகிறவர்களின் முகத்தில் அறைகிற கதை என்று காலங்காலமாகப் படித்திருக்கிறோம். சரிதான். இப்போது அதை விலையைப் பற்றிய கதையாகவும் படிக்கிறேன். ஒரு வேளைப் பால்கஞ்சி ஒரு பெண்ணின் உடலிடம் கேட்ட விலை அதில் எழுதப்பட்டிருக்கிறது. அவளுடைய அன்றைய இரவுச் சாப்பாடு மட்டும் எழுதப்படவில்லை. எங்கள் கரிசல் மண்ணின் கி.ராஜநாராயணன் எழுதிய ‘கதவு’ கதையில் தீர்வை பாக்கிக்காக வீட்டுக் கதவையே பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். குளிரில் கைக்குழந்தை இறந்துபோகிறது. கிணைமகளுக்கு அடைத்துக்கொள்ள ஒரு கதவாவது இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

மற்றவர்களின் எழுத்தைக் குறை சொல்லிவிட்டு என்னுடையதை ஒளித்துவைப்பது நேர்மையாகாது. என் முதல் தொகுப்பில் அம்மாவைப் பற்றி ஒரு கவிதை உண்டு. நாங்கள் நான்கு பிள்ளைகள். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கெழுதினார். மாதக் கடைசியில் எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு “எனக்குப் பசிக்கல” என்று அம்மா சட்டியைக் கழுவப் போவார். அந்தப் பசியின்மையை நான் அன்பின் உச்சமாக எழுதியிருந்தேன். கூட்டங்களில் கைதட்டு வாங்கிய கவிதை. புத்தகம் வந்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: “அன்னிக்கு எனக்கும் பசிக்கத்தான் செஞ்சுது. நீ என்னமோ சாமி மாதிரில்லா எழுதி வச்சிருக்க.”

அதற்குப் பின் அந்தக் கவிதையை எந்த மேடையிலும் நான் வாசித்ததில்லை. அம்மா சொன்ன பொய்யை நான் அழகாக்கி அச்சில் ஏற்றியிருந்தேன். நத்தத்தனார் கதவு அடைபட்டதை எழுதினார். நான் அதற்குக் கோலம் போட்டேன்.

இன்று பசி இந்த வடிவில் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லோருக்குமானது. 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றை நிரப்புகின்றன. இவற்றின் அருமை தெரியாமல் பேசுபவள் அல்ல நான். ஆனால் அதே மாணவி இன்னொரு நாள் முதல் மணி வகுப்பில் மயங்கிச் சரிந்தாள். தண்ணீர் தெளித்து உட்காரவைத்துக் கேட்டபோது சொன்னாள்: “வீட்ல அரிசி இருக்கும்மா. கொழம்பு வைக்கத்தான் ஒண்ணுமில்ல.”

இன்றைய விலைவாசியை இதைவிடத் தெளிவாக நான் கேட்டதில்லை. சோறு இருக்கிறது, சாப்பாடு இல்லை. ரேஷனில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில் அதைப் பங்கிட்டால் நாளைக்கு 33 கிராம். ஆளுக்கு ஏழு கிராம்கூட வராது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பருப்பு, முட்டை, இறைச்சி வகையில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 85 கிராம் சொல்கிறது. மிச்சத்தைக் கடையில்தான் வாங்க வேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்க வேண்டி வந்தது. தக்காளியை வைத்து ஊரே நகைச்சுவை செய்துகொண்டிருந்தது. பெண்கள் புளியைக் கூடுதலாகக் கரைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். எங்கள் பக்கத்து ஏழைகளின் தானியமான கம்பும் குதிரைவாலியும், ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய வேளையில், பளபளக்கும் பொட்டலங்களில் ஏறி உட்கார்ந்துவிட்டன. அந்த மாணவியின் வீட்டில் இப்போது அரிசிக்குக் காசில்லை, கம்புக்குக் காசு.

என் வீட்டில் விலை ஏறினால் குறைவது சேமிப்பு. அவள் வீட்டில் குறைவது தட்டு. அந்தத் தட்டும் எல்லோருக்கும் ஒரே அளவில் குறைவதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது. அதே வயது ஆண்களில் அது 25 விழுக்காடு. மாதவிடாயும் பிரசவமும் இதற்குக் காரணம் என்பார்கள். அவை பெண்கள் கூடுதலாகச் சாப்பிட வேண்டியதற்கான காரணங்கள். கடைசியில் சாப்பிட வேண்டியதற்கானவை அல்ல. சம்பளம் வாங்கும் என் வீட்டிலும் மீன் வாங்கினால் நடுத்துண்டு எனக்கு வருவதில்லை. “எனக்குத் தலைதான் பிடிக்கும்” என்று பல வருடங்களாகச் சொல்லி, இப்போது அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.

இந்தக் குறைப்புக்கு நம் மொழி வைத்திருக்கும் பெயர்கள் எல்லாம் பாராட்டுகள். சிக்கனக்காரி, கெட்டிக்காரி, இருக்கிறதை வச்சு ஒப்பேத்திருவா. சம்பளம் ஏறாததும் சந்தை விலை ஏறுவதும் இந்தச் சொற்களுக்குள் காணாமல் போய்விடுகின்றன. ஒப்பேற்றத் தெரியாதவள் ஊதாரி ஆகிறாள். பருப்பு விலைக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசும் சந்தையும். ஆனால் இரவு எட்டு மணிக்குக் குழம்பு தண்ணீராக இருக்கிறதே என்ற கேள்வி அவளிடம்தான் வருகிறது.

பழைய குறியெதிர்ப்பையும் மாறிவிட்டது. ஆழாக்குச் சீனி வாங்கி ஆழாக்குச் சீனி திருப்பிய இடத்தில் இன்று குழுக்கடன் இருக்கிறது. வாரத் தவணை, வட்டி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்க வேண்டிய ஏற்பாடு. பசியைப் பகிர்ந்த பெண்களை ஒருவருக்கொருவர் வசூல்காரிகளாக்கும் ஏற்பாடு. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு அரசு ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. உதவி என்று சொல்லாமல் உரிமை என்றார்கள். அந்தப் பணத்தை உன் அம்மா என்ன செய்கிறார் என்று மாணவியிடம் கேட்டேன். “குழுவுக்குப் போயிரும்மா” என்றாள்.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ ராஜஸ்தானில் ஒரு பெரிய குடும்பத்தின் இருட்டு அடுக்களையை நமக்குத் திறந்து காட்டியது. தின்பதற்குக் குறைவில்லாத வீட்டிலும் சமையலறை பெண்களை என்ன செய்கிறது என்று அந்தக் கதை கேட்டது. குறைவுள்ள வீடுகளின் அடுக்களையை நாம் இன்னும் அப்படித் திறக்கவில்லை. திறந்த இடங்களிலும் தியாகத்தையே தேடினோம். பெண்ணியத் திறனாய்வு பெண்ணின் மொழியை, காமத்தை, உடலைப் பற்றி வலுவாகப் பேசியிருக்கிறது. அந்த உடல் அன்று என்ன சாப்பிட்டது என்பதையும் பேச வேண்டும். அந்தக் கேள்வியை மதிக்கும் திறனாய்வுக்குக் கீரை சுண்டும் என்பதும் ஒரு வாசிப்புக் கருவிதான்.

எங்கள் துறையின் பழைய வினாத்தாள்களில் ஒரு வினா திரும்பத் திரும்ப வரும்: ‘கிணைமகளின் வறுமை நிலையைச் சுவைபட விளக்குக.’ நானும் பல முறை அதைக் கேட்டிருக்கிறேன். சுவைபட என்ற சொல் அங்கே உறுத்தவே இல்லை. இந்த ஆண்டு அகமதிப்பீட்டுத் தேர்வில் அதை மாற்றினேன்: ‘அன்று அந்த வீட்டில் யார் யார் எவ்வளவு உண்டிருப்பர்? பாட்டில் உள்ளதையும் இல்லாததையும் கொண்டு விளக்குக.’ இதற்கு விடைக்குறிப்பு என்ன எழுதுவது என்று சக ஆசிரியர் கேட்டார். அவரவர் வீட்டில் பார்த்து எழுதட்டும் என்றேன்.

எழுதினார்கள். பாதிப் பேர் பாட்டை விட்டுவிட்டுத் தங்கள் அம்மாக்களை எழுதினார்கள். சிலர் பாட்டி, அத்தை, அக்கா. ஒருத்தி, பிள்ளைகளுக்குக் கீரையையும் கணவனுக்கு மிச்சக் கீரையையும் வைத்துவிட்டுக் கிணைமகள் கீரை வெந்த தண்ணீரைக் குடித்திருப்பாள் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘எங்கள் வீட்டில் பார்த்தது’ என்று சேர்த்திருந்தாள். ஓர் ஆண் பிள்ளை இரண்டே வரி எழுதியிருந்தான். அம்மா என்ன சாப்பிடுகிறார் என்று கவனித்ததில்லை, இனிமேல் பார்க்கிறேன் என்று.

இரண்டுக்கும் என்ன மதிப்பெண் போடுவது என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்குமே முழு மதிப்பெண் போட்டேன்.