கலங்கல் தாண்டும் கணக்கு

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஏரிகளைத் தனித்தனியாகப் பார்ப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அதைத் திறந்தால் நீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. மணிமங்கலம் பக்கத்து நீரோ செம்பரம்பாக்கத்தைத் தொடாமலே ஆற்றில் இறங்குகிறது. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய பேய்மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கம் நொடிக்கு 29,000 கன அடியைத் திறந்துவிட்டபோது, மணிமங்கலம் பக்கத்து நீரும் அதே ஆற்றில்தான் இருந்தது.

இந்தச் சங்கிலியைக் கணினிக்குள் கட்டுவது தேர்ந்த கைவேலை.

நீரோட்டத்துக்கான சமன்பாடுகள் பழையவை, பிரான்சின் சாங்-வெனான் 1871-இல் தந்தவை. வந்த நீர் எங்காவது இருந்தாக வேண்டும் என்கிறது ஒன்று. சரிவு தள்ள, தரை உரசித் தடுக்க, வேகம் எப்படி மாறும் என்கிறது மற்றது. உரசலுக்கு மேனிங் எண் உண்டு: வழுவழுப்பான சிமெண்ட் கால்வாய்க்கு 0.013, ஆகாயத்தாமரை மண்டிய வாய்க்காலுக்கு ஆறேழு மடங்குகூட ஆகலாம். சமையல் குறிப்பின் ‘உப்பு தேவையான அளவு’ இதுதான். கரையில் நடந்து பார்த்தவர் வைக்கும் எண்ணுக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்து வைக்கும் எண்ணுக்கும் வித்தியாசம் வெள்ளத்தில் தெரிந்துவிடும்.

மண் எவ்வளவு குடிக்கும் என்பதற்கு, அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை 1950-களில் வகுத்த எண் ஒன்று இருக்கிறது. புல் மூடிய நிலத்துக்கு 70 என்று வைத்தால் 100 மில்லிமீட்டர் மழையில் 33 ஓடும். கூரைக்கும் தார்ச்சாலைக்கும் 98. அதே மழையில் 94 ஓடும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இலும் ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-இலும் உற்பத்தியைத் தொடங்கின. ஷெட் எழுந்த இடமெல்லாம் இந்த எண்ணை மாற்றியாக வேண்டும். வளாகத்துக்குள் மழைநீர்க் குளம் வெட்டியிருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். பழைய வரைபடத்தை நம்பிய கணினி மாதிரி, மழை பெய்யும் முன்பே பொய்த்துவிடும்.

ரசிக்க வேண்டிய இடம், ஏரி நிரம்பினால் உபரிநீர் வழிந்தோடும் கலங்கல். அதன்மேல் நீரின் உயரம் இரட்டித்தால் வெளியேற்றம் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. மேல் ஏரி சற்றே பொங்கினாலும் கீழ் ஏரிக்குத் தாங்காது. ஆனால் பாதி காலியான ஏரி வெள்ளத்தை விழுங்கி, உச்சத்தைத் தள்ளிப்போடும். ஆகவே மழைக்கு முந்தைய நாள் நீர்மட்டம் தெரியாமல் கணக்கைத் தொடங்கவே முடியாது.

2015 வெள்ளத்துக்குப் பின் மும்பை, சென்னை ஐ.ஐ.டி.க்களும் அண்ணா பல்கலைக்கழகமும் பிற நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய ‘சி-ஃப்ளோஸ்’ என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பு மழை, ஆறு, கடல் மூன்றையும் ஒன்றாகக் கோக்கிறது. அவசரத்தில் கணக்குப் போட நேரம் இருக்காதென்று நூற்றுக்கணக்கான வெள்ளக் காட்சிகளை முன்கூட்டியே ஓட்டிச் சேமித்தும் வைத்திருக்கிறார்கள். கடலைச் சேர்த்தது நல்ல முடிவு: முகத்துவாரத்தில் ஓதம் ஏறி நிற்கும்போது, மணிமங்கலத்திலிருந்து வந்த நீருக்கும் வழி கிடைப்பதில்லை.