உயில் வக்கீலின் உயில்

சார்லஸ் டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்டை’ப் பள்ளிக்கூடத்தில் நான்-டீடெய்லாகப் படித்திருப்பீர்கள். கடன்கார மிக்காபர், கையைப் பிசைந்துகொண்டே கவிழ்க்கும் யூரியா ஹீப் எல்லாம் ஞாபகம் இருக்கும். ஸ்பென்லோ? சந்தேகம்தான். நாவலைச் சுருக்குகிறவர்கள் முதலில் கத்தரி வைப்பது அவர் மேல்தான். டோராவின் அப்பா என்பதோடு சரி. என்னைக் கேட்டால் நாவலின் மிகக் கூர்மையான பக்கங்கள் அவருடையவை.

ஸ்பென்லோ, லண்டனில் ‘டாக்டர்ஸ் காமன்ஸ்’ என்ற இடத்தில் ஒருவகை வக்கீல். ஆஸ்பத்திரி இல்லை, சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் வாதாடிய இடம். இங்கிலாந்தில் அன்றைக்கு ஓர் உயில் செல்லும் என்று நிரூபிக்க, அதாவது ப்ரொபேட் வாங்க, சர்ச் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அந்தக் கோர்ட்டுகள் இருந்த வளாகம் இது. நாவலாசிரியராகும் முன் டிக்கன்ஸ் அங்கே உட்கார்ந்து சுருக்கெழுத்தில் குறிப்பெடுத்தவர். கேள்விஞானம் இல்லை, பார்த்ததை எழுதுகிறார்.

ஆயிரம் பவுண்டு கட்டி டேவிட் அங்கே தொழில் பழகச் சேருகிறான். எந்த கேஸ் சார் ரொம்ப நல்லது என்கிறான். முப்பது நாற்பதாயிரம் பவுண்டு சொத்து, அதன் மேல் ஒரு தகராறான உயில் என்கிறார் ஸ்பென்லோ, நாக்கைச் சப்புக்கொட்டாத குறையாக. சாட்சிக்குக் காசு, அப்பீலுக்குக் காசு.

பிறகு 33-ம் அத்தியாயம். உயில்களை வைத்திருக்கும் ஆபீஸ் தீப்பிடித்தால் தாங்காது. பதிவாளருக்கு வருஷம் எட்டு, ஒன்பதாயிரம் பவுண்டு வருமானம். டேவிட் ஒவ்வொன்றாகக் கேட்க, ஸ்பென்லோ என் காலம்வரை ஓடும் என்கிற தோரணையில் பதில் சொல்கிறார். இங்கே டிக்கன்ஸ் சறுக்குகிறார் என்பது என் கட்சி. கதையை நிறுத்திவிட்டுத் தலையங்கம் எழுதுகிறார். கோபம் நியாயம்தான், ஆனால் காதலில் உளறிக்கொண்டிருந்த பையன் எங்கே போனான்?

அந்த சர்ச் கோர்ட் அதிகாரத்தை 1857-ல் சட்டம் போட்டுப் பிடுங்கிவிட்டார்கள். கிண்டலும் அதோடு பழசாகிவிட்டது. பழசாகாதது 38-ம் அத்தியாயம்.

ஸ்பென்லோ தானே வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறார். குதிரைகள் மட்டும் வந்து சேருகின்றன. ஆபீஸில் மேஜை, அலமாரி எல்லாம் குடைகிறார்கள். உயில் இல்லை. எழுதிவிட்டதாக என்னிடமே சொன்னாரே என்கிறான் டேவிட். பார்ட்னரும் கிழட்டு குமாஸ்தாவும் தலையை ஆட்டுகிறார்கள். அப்படிச் சொன்னாரா? போச்சு, அப்படியானால் எழுதியிருக்கவே மாட்டார்! உயில் விஷயத்தில் மனுஷனை நம்பவே முடியாது என்கிறார் குமாஸ்தா. அட, ஸ்பென்லோவும் இதையேதான் சொன்னார் என்கிறான் பையன்.

அவ்வளவுதான். ஊரார் உயிலில் வாழ்ந்தவருக்கு உயில் இல்லை. கடன் போக மிச்சம் ஆயிரம் பவுண்டுக்கும் கீழே. செல்லமாக வளர்ந்த பெண் இரண்டு அத்தைகளிடம் போய்ச் சேருகிறாள். இந்தச் சாவு டேவிட்டின் கல்யாணத்துக்கு ரொம்ப வசதி என்பது குறைதான். டிக்கன்ஸ் இப்படி அடிக்கடி செய்வார். இந்த ஒரு காட்சிக்காக மன்னிக்கலாம்.

நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 213-ம் பிரிவு என்று ஒன்று. சென்னைக்குள் எழுதிய, அல்லது சென்னையில் உள்ள வீடு நிலம் பற்றிய, இந்துவின் உயிலைக் காட்டி கோர்ட்டில் உரிமை கேட்க வேண்டுமானால் ப்ரொபேட் கட்டாயம் என்றது. மதுரைக்காரர் மதுரையில் எழுதி வைத்த மதுரை வீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரிஜினல் உயில், இறப்புச் சான்றிதழ், சாட்சியின் அஃபிடவிட், வாரிசுகளுக்கு நோட்டீஸ் என்று ஹைகோர்ட்டுக்கு அலைய வேண்டும். நடுவே ஒரு தம்பி ஆட்சேபித்தால் மனு முழு வழக்காகிவிடும். 2025-ல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. ஆனால் உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்கிற 63-ம் பிரிவு அப்படியே இருக்கிறது.

இதை எழுதும்போது என் மேஜை டிராயரைத் திறந்து பார்த்தேன். உயில் இருக்கிறது. என் கையெழுத்து இருக்கிறது. முதல் சாட்சியாக எதிர்வீட்டு ரிட்டையர்டு வாத்தியார் போட்டிருக்கிறார். இரண்டாவது சாட்சியின் இடம் ஆறு வருஷமாகக் காலி. மனைவி கேட்டபோதெல்லாம் “எழுதியாச்சு” என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.